கருப்பு டேப்பின் பின்னால் எரிந்த விளக்கு

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயர், ஊர், காரின் பெயர், விற்ற கடையின் பெயர் அனைத்தையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவர் பள்ளி ஆசிரியை. கணவர் தனியார் நிறுவன ஊழியர். ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், முழங்கால் வலியால் அவதிப்படும் மாமியார் ஆகியோர் கொண்ட குடும்பம். பத்தொன்பது மாதங்களுக்கு முன், கோவையில் பழைய கார் விற்கும் ஒரு கடையில் 2011 மாடல் ஏழு இருக்கை எஸ்யூவி ஒன்றை 5,60,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். "உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன்" என்று கணவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எட்டு மாதங்களுக்கு முன் வேகமானி முள் நின்றுபோனதால், உள்ளூர் எலக்ட்ரீஷியன் மீட்டரைக் கழற்றிச் சரிசெய்தார். அன்று முதல் ஏர்பேக் (மோதும்போது விரியும் காற்றுப் பை) எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிகிறது. "அந்த விளக்கின் மேல் யாரோ கருப்பு டேப் ஒட்டியிருந்தார்களாம். அவர் அதைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டாராம்" என்று ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். ஹார்ன் சில நாள் ஒலிக்கிறது, சில நாள் ஒலிப்பதில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்கிறார்.

இரண்டு மாதங்களுக்கு முன் காரின் முதல் உரிமையாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தம் முகவரிக்கு வந்த ஒரு கடிதத்தை அனுப்பிவைத்தார். முன் பயணி பக்க ஏர்பேக்கின் இன்ஃப்ளேட்டரை (பையில் வாயு நிரப்பும் பாகம்) இலவசமாக மாற்றித் தருவதாகக் கார் நிறுவனம் அனுப்பிய ரீகால் கடிதம், அதாவது குறையுள்ள வண்டியைத் திரும்ப அழைக்கும் கடிதம் அது. சர்வீஸ் சென்டருக்குப் போனால் மூன்று பதில்கள் கிடைத்தன. கார் ஏழு வருடத்தைத் தாண்டிவிட்டதால் சட்டப்படி கட்டாயம் இல்லை. உதிரிபாகம் கையிருப்பில் இல்லை. எச்சரிக்கை விளக்கை 48,000 ரூபாய் கட்டிச் சரிசெய்தால்தான் ரீகால் வேலையைத் தொட முடியும். உள்ளூர் மெக்கானிக்கோ, "ஏர்பேக் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு விளக்கையும் எடுத்துவிடலாம், அந்தக் காலத்தில் ஏர்பேக் போட்டா ஓட்டினோம்?" என்கிறார்.

கார் கணவர் பெயரில் இருப்பதால் தான் புகார் செய்ய முடியுமா, இரண்டாவது உரிமையாளருக்கு ரீகால் உரிமை உண்டா, கையெழுத்துப் போட்ட பிறகு கடைக்காரரைக் கேட்க முடியுமா, ரீகால் பற்றிச் சொல்லாமல் காரை விற்றுவிடலாமா, விளக்கு எரிவதால் இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகுமா என்று கேட்கிறார். கடைசிப் பக்கத்தில்: "அத்தைக்கு ஏறி இறங்க முன் சீட்தான் வசதி. சின்னவன் எப்போதும் அவர் மடியில்தான் உட்கார்ந்து வருவான்."

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குச் சட்டத்தில் நல்ல பதில்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகு, அதைப் பேசாமல் சட்டத்துக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாள் முதல், உதிரிபாகம் மாற்றப்படும்வரை, அந்த முன் பயணி இருக்கையில் யாரும் உட்கார வேண்டாம். அத்தையும் வேண்டாம், குழந்தையும் வேண்டாம். கடிதம் குறிப்பிடுவது அந்தப் பக்கத்து ஏர்பேக்கைத்தான். உங்களுடையது ஏழு இருக்கை வண்டி. கணவர் ஓட்டினால் மற்ற நால்வருக்கும் பின்னால் தாராளமாக இடம் இருக்கிறது. அத்தைக்கு ஏறுவதுதான் சிரமம் என்றால், ஒரு சிறிய மர முக்காலியை வண்டியிலேயே போட்டு வையுங்கள். அதில் கால் வைத்து இரண்டாவது வரிசையில் ஏறலாம். என் தாயாரும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் ஏறி இறங்கினார்.

மடியில் குழந்தை என்பது ரீகால் முடிந்த பிறகும் கூடாது. பழுதே இல்லாத புத்தம்புதிய ஏர்பேக்கும் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாத நேரத்தில் விரிந்து முடிகிறது. பெல்ட் போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் பெரியவருக்காகக் கணக்கிடப்பட்ட விசை அது. மடியில் இருக்கும் குழந்தையின் தலை, பை வெடித்து விரியும் இடத்திலேயே இருக்கும். அத்தையின் கைகள் எவ்வளவு அன்பாக அணைத்திருந்தாலும் அந்த வேகத்தைத் தாங்கிப் பிடிக்க மனிதக் கைகளால் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194பி-யின்படி, பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் செல்வதற்கு ஆயிரம் ரூபாய் அபராதமும் உண்டு. அபராதத்துக்காக இதைச் சொல்லவில்லை. பலர் "நம் ஊருக்குள்தானே" என்று நினைப்பதால் சொல்கிறேன்.

விளக்கு வேறு, ரீகால் வேறு

எச்சரிக்கை விளக்கு எரிவதும் ரீகால் கடிதம் வந்ததும் ஒரே கோளாறு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். சர்வீஸ் சென்டரும் அந்த எண்ணத்தைத் திருத்தவில்லை. இரண்டும் வெவ்வேறு. இதைப் பிரித்துப் பார்த்தாலே உங்கள் பிரச்சினையில் பாதி தெளிந்துவிடும்.

விளக்கு பார்த்துக்கொள்வது மின்சுற்றை. சாவியைத் திருப்பியதும் அது சில நொடிகள் எரிந்து தானாக அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால், எங்கோ ஓர் இணைப்போ உணரியோ கட்டுப்பாட்டுப் பெட்டியோ சரியில்லை என்று பொருள். அந்த நிலையில், விபத்து நடந்தால் ஏர்பேக்குகள் விரியாமல் போகலாம். சீட் பெல்ட்டை விபத்து நேரத்தில் சட்டென இறுக்கும் கருவியும் பல வண்டிகளில் அதே அமைப்போடு இணைந்ததுதான். அதுவும் வேலை செய்யாமல் போகலாம். பெல்ட் மட்டும் பெல்ட்டாக இருக்கும். ஆகவே எல்லோரும் எப்போதும் பெல்ட் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ரீகால் பேசுவது வேதிப்பொருளைப் பற்றி. இன்ஃப்ளேட்டர் என்பது பைக்குள் வாயுவை நிரப்பும் சிறிய உலோகக் குடுவை. ஜப்பானின் டக்காட்டா நிறுவனம் தயாரித்த கோடிக்கணக்கான குடுவைகளில் அம்மோனியம் நைட்ரேட் அடைக்கப்பட்டிருந்தது. அது ஈரத்தை உறிஞ்சும் பொருள். உப்பளம் சூழ்ந்த ஊரில் வாழும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐப்பசி மழையில் மூடி வைத்த ஜாடிக்குள்ளேயே உப்பு கசிந்து கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல ஈரம் ஏறி, பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் மாறி மாறிக் கிடந்து, பல ஆண்டுகளில் அந்த வில்லைகள் பொடிந்துபோகின்றன. பொடிந்த பொருள் அளவுக்கு மீறிய வேகத்தில் எரிகிறது. குடுவை அழுத்தம் தாங்காமல் பிளந்து, அதன் சில்லுகள் பையைக் கிழித்துக்கொண்டு உள்ளிருப்பவர்மேல் பாய்கின்றன. 2014 ஜூலையில் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் ஒரு கர்ப்பிணி இப்படித்தான் இறந்தார். அமெரிக்காவில் மட்டும் 25-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நானூறு பேராவது காயமடைந்தார்கள். அங்கே திரும்ப அழைக்கப்பட்ட ஏர்பேக்குகள் ஏறத்தாழ 6.7 கோடி. டக்காட்டா 2017-இல் திவாலானது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தட்பவெப்பம். அமெரிக்காவில் ஃப்ளோரிடா, ஹவாய் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளின் கார்களுக்குத்தான் மாற்றுவதில் முதலிடம் கொடுத்தார்கள். நம் கடற்கரையும் அந்த இனம்தான். வயதும் முக்கியம். 2024 ஜனவரியில் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் 2004, 2005 மாடல் ராவ்4 எஸ்யூவி உள்ளிட்ட ஏறத்தாழ 50,000 பழைய வண்டிகளின் உரிமையாளர்களிடம், பழுது நீக்கும்வரை ஓட்டவே வேண்டாம் என்று சொன்னது. வண்டி பழசாகப் பழசாக இந்த ஆபத்து கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை இன்ஃப்ளேட்டர் என்பதைச் சேஸிஸ் எண்ணை (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த அடையாள எண்) வைத்து நிறுவனம் எழுத்தில் சொல்ல வேண்டும். எதுவாயினும், குடுவைக்குள் நடக்கும் சிதைவை அந்த விளக்கு ஒருபோதும் காட்டாது. நாளை 48,000 ரூபாய் கட்டி விளக்கு அணைந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். உண்மையில் அப்போதுதான் அந்தப் பழைய குடுவை மறுபடி முழு உயிரோடு இருக்கும். ஆகவே, ஒன்று இரண்டு வேலைகளும் ஒரே நாளில் நடக்க வேண்டும். இல்லையென்றால் ரீகால் முதலில் நடக்க வேண்டும்.

மெக்கானிக்கின் யோசனைக்கு வருகிறேன். 2011-இல் ஏர்பேக் கட்டாயமில்லை என்ற அளவில் அவர் சொல்வது சரி. ஓட்டுநர் பக்க ஏர்பேக் நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல்தான் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது. ஆனால் இருக்கும் ஏர்பேக்கைத் தெருவோரத்தில் அணைக்கச் சொல்வது வேறு கதை. அது மின்பொறியால் வெடிக்கும் பொருள். பயிற்சி இல்லாத கை பட்டால் அவர் முகத்திலேயே வெடிக்கலாம். ஃபியூஸைப் பிடுங்கினால் ஓட்டுநர் பக்கப் பாதுகாப்பும் சேர்ந்தே போகலாம். சட்டத்திலும் நீங்கள் வலுவிழப்பீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 87-இன்படி, பொருளை மாற்றியமைத்திருந்தால் விற்றவர்மீது பொருள் பொறுப்பு வழக்கே (பொருளின் குறையால் நேர்ந்த கேட்டுக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு) தொடுக்க முடியாது. உங்களை ஏமாற்றியவருக்கு நீங்களே தப்பிக்கும் வழியைத் திறந்துவிடுவதாகும் அது.

"ஏழு வருடம் தாண்டிவிட்டது" என்ற பதில்

இது அரை உண்மை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் மூலம் 110ஏ என்ற பிரிவு சேர்ந்தது. குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி நிறுவனத்துக்கு மத்திய அரசு உத்தரவிட அது அதிகாரம் தருகிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகள் ஏழு வயதுக்கு உட்பட்ட வாகனங்களுக்குத்தான் பொருந்தும். சர்வீஸ் சென்டர்காரர் இதைத்தான் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார்.

ஆனால் உங்கள் கையில் இருப்பது அரசின் உத்தரவு அல்லவே! நிறுவனம் தானே முன்வந்து, இன்ன சேஸிஸ் எண் கொண்ட வண்டியில் இன்ன பாகத்தை இலவசமாக மாற்றித் தருகிறேன் என்று எழுதிய கடிதம். தானாக முன்வந்த ரீகாலுக்கு இந்த வயது வரம்பு கிடையாது. 2019 ஜூலையில் ஃபோர்டு இந்தியா முந்தைய தலைமுறை எண்டெவர் வண்டிகள் 22,690-ஐ முன்பக்க ஏர்பேக் இன்ஃப்ளேட்டரைச் சோதிப்பதற்காகத் திரும்ப அழைத்தது. அவை 2004 பிப்ரவரி முதல் 2014 செப்டம்பர் வரை சென்னை ஆலையில் தயாரானவை. அவற்றில் மூத்தவை அப்போது பதினைந்து வயதை எட்டியிருந்தன. வயதைக் காட்டி அவற்றை யாரும் ஒதுக்கவில்லை.

இரண்டாவது உரிமையாளர் என்ற கவலையையும் விடுங்கள். ரீகால் என்பது ஆளோடு ஒட்டியது அல்ல, சேஸிஸ் எண்ணோடு ஒட்டியது. வண்டி பத்துக் கை மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. கடிதம் பழைய முகவரிக்குப் போனதற்குக் காரணம், நிறுவனத்தின் ஏட்டில் உங்கள் பெயர் ஏறாததுதான். ஆர்.சி. (பதிவுச் சான்று) நகலை அனுப்பிப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முதலில் பதியச் செய்யுங்கள். அந்த வங்கி அதிகாரி கடிதத்தைக் குப்பையில் போடாமல் அஞ்சலில் சேர்த்தாரே, அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். பின்னால் அவர் உதவியும் தேவைப்படும்.

சர்வீஸ் சென்டரின் வாய்மொழிப் பதிலோடு நிற்காதீர்கள். நிறுவனத்தின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சலும் ஸ்பீடு போஸ்ட்டும் அனுப்புங்கள். ரீகால் கடித நகல், சேஸிஸ் எண், சர்வீஸ் சென்டருக்குப் போன தேதி, அங்கே சொன்ன மூன்று பதில்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். உதிரிபாகம் எந்தத் தேதிக்குள் வரும், அதுவரை வண்டியை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுத்தில் கேளுங்கள். மாற்று வண்டி கேட்பதில் தவறில்லை; ஆனால் அதை உரிமை என்று வாதிட நம் சட்டத்தில் இடமில்லை. பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியுங்கள். பல நேரங்களில் நுகர்வோர் ஆணையம்வரை போகாமலே இந்த இடத்தில் காரியம் முடிந்துவிடுகிறது.

48,000 ரூபாய் விவகாரம்

விளக்கைச் சரிசெய்யும் செலவு உங்களுடையதுதான். அதை ரீகாலோடு சேர்த்து இலவசமாகக் கேட்க முடியாது. ஆனால், இதைச் செய்தால்தான் அதைச் செய்வேன் என்று அவர்கள் முடிச்சுப் போடுவது சரியல்ல. ஒரு சேவையைப் பெற இன்னொரு சேவையை வாங்கியே ஆக வேண்டும் என்று நிர்ப்பந்திப்பதைக் கட்டுப்படுத்தும் வர்த்தக நடைமுறை என்கிறது நுகர்வோர் சட்டம். ரீகால் இலவச வேலை என்பதால் எதிர்த்தரப்பு மறுத்து வாதாடலாம். ஆனாலும் உங்கள் பக்கம் வலுவானது. தொழில்நுட்பக் காரணம் உண்மையிலேயே இருந்தால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் பல நிபந்தனைகள் கரைந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

நான் மெக்கானிக் அல்ல. ஆனால் இத்தகைய வழக்குகளில் பொறியாளர்களைக் குறுக்கு விசாரணை செய்து செய்து சிலவற்றைக் கற்றிருக்கிறேன். விளக்கும் எரிகிறது, ஹார்னும் விட்டு விட்டு ஒலிக்கிறது என்றால், அவர்கள் முதலில் பார்க்கச் சொல்வது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற நாடாக் கம்பியை. ஹார்னுக்கும் ஓட்டுநர் ஏர்பேக்குக்கும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. சில வண்டிகளில் முன் இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் நிற இணைப்பு, கூட்டிப் பெருக்கும்போது தளர்ந்துபோவதும் உண்டு. கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றும் செலவில் சிறு பங்கில் முடியும் வேலைகள் இவை. ஆகவே சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்த பழுதுக் குறியீட்டை அச்சிட்டு வாங்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். ஹார்ன் விஷயத்தை ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டர் தரும் வேலைக் குறிப்புத் தாள்) எழுதச் சொல்லுங்கள்.

அந்தக் கருப்பு டேப்

கடையின்மீது வழக்குப் போட முடியுமா என்று கேட்டு, உங்கள் வழக்கின் உயிர்நாடியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். "உள்ளது உள்ளபடி" என்ற கையெழுத்து, கண்ணுக்குத் தெரியும் குறைகளையும் வயதான வண்டியின் இயல்பான தேய்மானத்தையும் மூடும். வேண்டுமென்றே மறைத்ததை மூடாது. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 17, ஓர் உண்மையைத் தெரிந்தே மறைப்பதை மோசடி என்கிறது. எச்சரிக்கை விளக்கின் மேல் டேப் தானாக ஒட்டிக்கொள்ளாது. அதை ஒட்டியது கடைக்காரரா, அவருக்கு முன்பு வேறு யாராவதா என்பதுதான் கேள்வி. முதல் உரிமையாளர் கொடுத்தபோது விளக்கு எப்படி இருந்தது, வண்டி விபத்தில் சிக்கியதா, ஏர்பேக் விரிந்ததா என்று அவரிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வேகமானியைச் சரிசெய்த எலக்ட்ரீஷியனிடம், தான் கண்டதைத் தேதியோடு பிரமாண வாக்குமூலமாகப் பெறுங்கள். டேப் போய்விட்டது, போகட்டும். அதைக் கண்டவர் இருக்கிறார்.

இன்னும் ஒன்றைச் சோதித்தே ஆக வேண்டும்: ஏர்பேக்குகள் உள்ளே இருக்கின்றனவா? சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஒரு வழக்கில், ஆணையம் நியமித்த பொறியாளர் முன் பலகையின் மூடியைத் திறந்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன். மேலே ஏர்பேக் என்ற முத்திரை பளிச்சென்று இருந்தது. உள்ளே மடித்து வைத்த பழைய துணி. விளக்கு எரியாமல் இருப்பதற்காக, இணைப்பின் இரு முனைகளுக்கும் நடுவே ஏர்பேக் இருப்பதாக வண்டியை ஏமாற்றும் உளுந்து அளவு மின்தடை (ரெசிஸ்டர்) ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. அந்தக் குடும்பம் அந்த வண்டியில் இரண்டு ஆண்டுகள் குழந்தைகளோடு ஓடியிருந்தது. அந்தத் தாயின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் வண்டியிலும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் விளக்கை மறைத்தவர்கள் எதை மறைத்தார்கள் என்று பார்க்காமல் விடக் கூடாது. ரீகால் வேலைக்கு வண்டியைத் திறக்கும்போது, இரண்டு ஏர்பேக்குகளும் நிறுவனம் பொருத்தியவைதாமா என்று எழுதி வாங்குங்கள். அந்த ஒரு தாள் உங்கள் வழக்கின் முதன்மைச் சான்றாக இருக்கும்.

கார் கணவர் பெயரில் இருப்பது தடையில்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். இருவர் பெயரிலும் சேர்ந்தே மனுச் செய்யுங்கள். கோவைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, மனுதாரர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தொடரலாம். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பழைய வாகனக் கடைகள் 2023 ஏப்ரல் 1 முதல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அந்தக் கடைக்கு அது இருந்ததா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அதுவும் மனுவில் ஒரு பத்தி. கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், விளம்பரப் படங்கள் எதையும் அழிக்காதீர்கள். அந்தக் கைப்பேசியையும் விற்காதீர்கள்.

கார் நிறுவனத்தின்மீதும் இழப்பீடு கேட்கலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். பொருள் பொறுப்பு வழக்குக்கு உடலுக்கோ உடைமைக்கோ கேடு நேர்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு, நல்ல வேளையாக, எதுவும் நேரவில்லை. நேர்ந்துவிட்டால் நீதிமன்றங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு ஒரு தீர்ப்பைச் சொல்லலாம். 2017-இல் ஒரு விபத்தில் ஹூண்டாய் க்ரெட்டாவின் ஏர்பேக்குகள் விரியவில்லை. மோதலின் விசை போதவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். வேகத்தையும் விசையையும் கணக்கிட நுகர்வோர் இயற்பியல் நிபுணர் அல்ல என்று 2022 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, மூன்று லட்சம் ரூபாய் இழப்பீட்டோடு வண்டியையும் மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உறுதிசெய்தது. ஆனால் அது ஓடி இரண்டே வருடமான வண்டி. உங்கள் பதினான்கு வயது வண்டிக்கு அந்த அளவு எதிர்பார்த்துவிடாதீர்கள். கடையிடம் நியாயமாகக் கேட்கக்கூடியது பழுதுச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவைதாம். ஏர்பேக்கே இல்லை என்று தெரியவந்தால் மட்டும், வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேளுங்கள்.

விற்பது, வாடகைக்குக் கொடுப்பது

சொல்லாமல் விற்றுவிடலாமா என்று நீங்கள் கேட்டது எனக்குப் புரிகிறது; அலுப்பில் வந்த கேள்வி. ஆனால் ரீகால் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமல் விற்றால், மேலே சொன்ன பிரிவு 17 உங்கள் கணவர்மீது திரும்பும். வாங்குகிறவர் வீட்டிலும் மடியில் உட்காரும் ஒரு குழந்தை இருக்கும். ரீகாலை முடித்துவிட்டு, தாள்களைக் காட்டி விற்பதே வழி. பதினைந்தாம் ஆண்டில் பதிவைப் புதுப்பிக்கத் தகுதிச் சோதனை வரும். அதற்கு முன் எவ்வளவு செலவு செய்யலாம் என்று குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். விளக்குப் பழுது உண்மையிலேயே பெரியதாக இருந்தால், இந்த வண்டியைத் தொடர்ந்து வைத்திருக்காமல், ரீகாலை முடித்ததும் உண்மையைச் சொல்லி விற்றுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

திருச்செந்தூர் போகிற சொந்தக்காரர்களிடம் மாதம் ஓரிரு முறை பணம் வாங்கிக்கொண்டு வண்டி அனுப்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே நிறுத்துங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கான வண்டியை வாடகைக்கு விடுவது இன்சூரன்ஸ் நிபந்தனையை மீறுவது. ஆணையத்திலும், வணிக நோக்கம் என்ற ஆட்சேபத்தை எதிர்த்தரப்புக்கு நீங்களே எடுத்துக் கொடுப்பதாகும். அந்த முன் இருக்கையில் யார் உட்காருவார் என்பதும் உங்கள் கையில் இல்லாமல் போகும்.

இன்சூரன்ஸ் பற்றிய பயம் ஓரளவு தேவையற்றது. உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு, ஏர்பேக் விளக்கு எரிவதால் பாதிக்கப்படாது. உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டில் மட்டும், ஏர்பேக்குக்கு 50 சதவீதத் தேய்மானம் கழிப்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

காலக்கெடு ஒன்றுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. நுகர்வோர் மனுவுக்கு இரண்டு ஆண்டு வரம்பு. டேப்பைக் கண்ட நாளிலிருந்து கணக்கிடலாம் என்று வாதாட முடியும்தான். ஆனால் வாதாட வேண்டிய நிலையே வராதபடி, வாங்கிய நாளிலிருந்து எண்ணி, மீதமுள்ள ஐந்து மாதத்துக்குள் மனுவைப் பதிந்துவிடுங்கள். இந்த வாரம் நிறுவனத்துக்குக் கடிதமும் எலக்ட்ரீஷியனின் வாக்குமூலமும். அடுத்த மாதத்துக்குள் வண்டிச் சோதனையும் பழுதுக் குறியீட்டு அச்சும். அதன்பின் கடைக்கு வக்கீல் நோட்டீஸ், பதிலுக்குப் பதினைந்து நாள். வாக்குமூலத்தை முதலில் வாங்குங்கள். எட்டு மாதம் ஆகிவிட்டது, அவருக்கு அந்த டேப் இன்னும் நினைவில் இருக்கும்போதே.